நம்மாளு எத்தனை பேரு?

போன மாதம் ஒரு நாவல் கலந்துரையாடல் முடிந்து ஏழெட்டுப் பேர் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். நாவலைப் பேசித் தீர்த்தாகிவிட்டது. இரண்டாவது சுற்றுத் தே தாரேக் வந்தபோது பேச்சு பந்துப் பக்கம் திரும்பியது. நான் போட்டிருந்த நீலமும் மஞ்சளும் கலந்த ஜெர்சியைப் பார்த்துவிட்டு, லிவர்பூல் சட்டை போட்டிருந்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, நீங்க இன்னுமா பினாங்கு டீமுக்கு சப்போட்டு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த இன்னொருவன் நல்ல வாசகன், கேள்வி கேட்கத் தெரிந்தவன். அவன் சொன்னான்: "அது கெடக்கட்டும்ணே. அதுல நம்மாளு எத்தனை பேரு ஆடுறான் சொல்லுங்க?"

முதல் கேள்விக்கு என்னிடம் கேலியான பதில் எப்போதும் கையிருப்பில் உண்டு. இரண்டாவது கேள்விக்கு அன்று பதில் சொல்லவில்லை. வேலைக்குப் போகணும் என்று எழுந்துவிட்டேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு விடியும்வரை அந்தக் கேள்வியோடு சண்டை போட்டேன். அந்தச் சண்டைதான் இந்தக் கட்டுரை. தம்பிகள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது 1974. அந்த ஆண்டுதான் பினாங்கு பேராக்கை வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. 1953, 1954, 1958-க்குப் பிறகு நான்காவது முறை. அதற்குப் பிறகு இன்றுவரை தூக்கவில்லை. அதாவது, என் வயதுதான் எங்கள் வறட்சியின் வயது. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் யாராவது ஒரு கூட்டாளி இதை எனக்கு ஞாபகப்படுத்தாமல் இருப்பதில்லை.

அப்பா துறைமுகத் தொழிலாளி. மூட்டை தூக்கிய தோளில் என்னை உட்காரவைத்து டத்தோ கெராமாட் பக்கம் இருக்கும் நகர அரங்கத்துக்குக் கூட்டிப்போவார். 1982-இல் மலேசிய லீக்கின் வெற்றியாளர் பினாங்குதான். எனக்கு எட்டு வயது. ஆட்டம் எதுவும் எனக்கு ஞாபகமில்லை. காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே, முன்னால் நிற்கும் சீனக் கிழவரின் முதுகு, கோல் விழுந்ததும் அந்தக் கிழவர் திரும்பி அப்பாவைக் கட்டிப் பிடித்தது, இவ்வளவுதான் இருக்கிறது. அப்பாவை அப்படிக் கட்டிப் பிடித்த வேறொரு மனிதரை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

அப்போது அப்பாவிடம் இருந்தது சிவப்பு ஐ.சி. இதே தீவில் பிறந்தவர். பிறந்ததற்கான சூராட் பெரானாக் மட்டும் இல்லை. வீட்டில் நடந்த பிரசவம், எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா, பதிவு செய்யாமல் விட்ட ஒரு காகிதம். அந்த ஒரு காகிதத்துக்காக அவர் எத்தனை கவுன்டர்களில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார் என்பதை நான் பெரியவனான பிறகுதான் தெரிந்துகொண்டேன். வங்கியில், வேலையில், வீட்டு மனுவில், எல்லா இடத்திலும் அவரிடம் ஐ.சி. கேட்டார்கள். நிறத்தைப் பார்த்ததும் குரல் மாறும். அரங்கத்தின் வாசலில் மட்டும் டிக்கெட் கேட்டார்கள். கிழித்துப் பாதியைக் கையில் கொடுத்து உள்ளே விட்டார்கள். உள்ளே போனதும் அப்பா பினாங்குக்காரர். நடுவரைத் திட்டும் உரிமை உள்ள பினாங்குக்காரர். ஹொக்கியனில் ஒன்று, மலாயில் ஒன்று, தமிழில் ரொம்பக் காரமாக ஒன்று என்று மூன்று மொழியிலும் திட்டுவார்.

இதுதான் நான் சொல்ல வந்தது. ஓர் அணியை ஆதரிப்பதை நாம் ரசனை என்று நினைக்கிறோம். நல்லா ஆடுறவனைப் பிடிக்கும், அவ்வளவுதானே என்கிறோம். என் அப்பாவுக்கு அது ரசனை இல்லை. இந்த ஊர் என்னுடையது என்று அவர் உரக்கச் சொல்ல முடிந்த ஒரே இடம் அது. அதை அவருக்கு யாரும் அனுமதித்துத் தரவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார்.

இப்போது லிவர்பூல் தம்பியிடம் வருகிறேன். உன்மேல் எனக்குக் கோபமில்லை. சனிக்கிழமை இரவு மாமாக் கடையின் பெரிய திரையில் அந்த ஆட்டத்தை நானும்தான் பார்க்கிறேன். அழகாகத்தான் ஆடுகிறார்கள். ஆனால் ஒன்று யோசித்துப் பார். உன் அணி தோற்றால் உனக்கு என்ன ஆகும்? ஒரு நாள் வாட்ஸாப் குழுவில் மானம் போகும். அடுத்த வாரம் சரியாகிவிடும். அந்த அணியின் இளையோர் பயிற்சியைப் பற்றியோ நிர்வாகத்தைப் பற்றியோ நீ கேள்வி கேட்டால் அது யார் காதில் விழும்? நீ அவர்களுக்கு வாடிக்கையாளன். நல்ல வாடிக்கையாளன். வருடத்துக்கு ஒரு ஜெர்சி. வாடிக்கையாளனுக்கு ஒரு வசதி உண்டு. சரக்கு சரியில்லை என்றால் கடையை மாற்றிக்கொள்ளலாம். உள்நாட்டிலும் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். 2014 முதல் ஜொகூர் டாருல் தக்சிம் லீக்கைத் தொடர்ந்து வென்று வருகிறது. அதற்குப் பிறகு பினாங்குத் தெருக்களிலும் ஜேடிடி சட்டைகள் நடக்கத் தொடங்கின. ஜொகூர்க்காரன் போட்டுக்கொண்டால் அது அவன் வீட்டுக் கல்யாணம். ஜெலுத்தோங்கில் பிறந்தவன் போட்டுக்கொண்டால் அது பந்தியில் மட்டும் உட்கார வந்தது.

எனக்குக் கடை மாற்றும் வசதி இல்லை. அந்த வசதி இருந்திருந்தால் எத்தனையோ முறை மாற்றியிருப்பேன். 1994, 95-இல் சூதாட்ட ஊழல் மலேசியக் காற்பந்தையே தின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை விசாரித்தார்கள், பலரைத் தடை செய்தார்கள். அப்போது எனக்கு இருபது வயது. காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்துக்கா நாம் தொண்டை கிழியக் கத்தினோம் என்று அப்பா ஒரு சீசன் முழுக்க அரங்கத்துக்கு வரவில்லை. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்த ஒரு வருடம் வானொலியை அணைத்து வைத்திருந்தார். எனக்கு அது அழுகையாகத்தான் பட்டது.

பிறகு நல்ல காலமும் வந்தது. 1998-இல் லீக்கை வென்றோம். 2001-இல் மறுபடியும். 2002-இல் எஃப்.ஏ. கிண்ணம். அந்தக் காலத்தில் மொரோக்கோவிலிருந்து வந்த மெர்சாகுவா எங்கள் சட்டையில் ஆடினார். அவர் பெயரைச் சொன்னால் இன்றும் பினாங்கில் ஐம்பது வயதுக்காரர் எவரும் ஒரு வாய்த் தே தாரேக்கைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்குவார். அதற்குப் பிறகு சரிவு. ஒரு கட்டத்தில் மூன்றாம் நிலை லீக்கில்கூட ஆடினோம். ஏறினோம். 2017-இல் சூப்பர் லீக்கில் கடைசி இடம் பிடித்து மறுபடி இறங்கினோம். 2020-இல் பிரிமியர் லீக்கை வென்று ஏறினோம். 2021-இல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம். அடடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். 2022-இல் அதே சூப்பர் லீக்கில் கடைசி இடம். இப்படி ஓர் அணியை யாராவது தேர்ந்தெடுப்பார்களா? மாட்டார்கள். அம்மாவையும் சொந்த ஊரையும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த வகையில் சேர்ந்தது இது.

இனி இரண்டாவது கேள்வி. நம்மாளு எத்தனை பேரு?

இந்தக் கேள்வியை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். கேட்பவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். மலேசியக் காற்பந்தில் நம் பெயர்கள் ஒரு காலத்தில் தூண் மாதிரி நின்றன. தேசிய அணியின் கோலில் 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் நின்றார். தடுப்பில் எம். சந்திரன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா ஆடியது, அமெரிக்காவை 3-0 என வென்றது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கும் தகுதி பெற்றது, புறக்கணிப்பு அரசியலால் போகவில்லை. 2010-இல் மலேசியா முதல்முறையாகத் தென்கிழக்காசிய சுசுகி கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநர் கே. ராஜகோபால். 1980-இன் அந்த அணியை அடிப்படையாக வைத்து 2016-இல் 'ஓலா போலா' என்று படம் வந்தது. அதில் கோல்காவலர் ஒரு தமிழ்ப் பையன். நம் ஆட்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்து அழுதார்கள். நானும் அழுதேன். அழுதுவிட்டு வெளியே வந்தபோது ஒன்று உறைத்தது. அந்தத் திரையரங்கில் அழுத நூறு பேரில் நகர அரங்கத்துக்கு வருகிறவர்கள் பத்துப் பேர்கூடத் தேறமாட்டார்கள். நாம் பழைய தமிழ் ஆட்டக்காரனுக்காக அழுகிறோம். இன்றைக்குத் திடலில் ஆடுகிறவனைப் பார்க்க வருவதில்லை. எண்ணிப் பார்க்க மட்டும் வருகிறோம்.

"அப்போ நமக்குன்னு ஒரு டீம் இருக்கணும்ணே" என்பார்கள் சிலர். இருந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபாவின் வேரிலிருந்து வளர்ந்த அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-இல் சூப்பர் லீக் வரை வந்தது. கடைசிக் காலத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமல் உள்நாட்டுப் பையன்களை மட்டும் வைத்து ஆடியது. நம் பையன்கள் பலருக்குச் சம்பளம், மேடை, பெயர் எல்லாம் கொடுத்தது. அதை யாராவது கிண்டல் செய்தால் நான் சண்டைக்கு வருவேன். ஆனால் 2022 சீசனோடு அந்த அணி லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. நடத்தியவர்களின் கணக்கு அது, அவர்கள் உரிமை. அடுத்த நாள் காலையில் அதன் ரசிகன் எங்கே போவான்? எந்த ஊரின் பெயரைச் சொல்லிக் கத்துவான்? ஊரில் வேர் இல்லாத அணி வாடகை வீடு மாதிரி. நல்ல வாடகை வீடுகள் உண்டு. சந்தோஷமாக இருக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லும்போது சுவரில் அடித்த ஆணியைக்கூடப் பிடுங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

பினாங்கு அணி அப்படி இல்லை. 1921-இல் தொடங்கிய சங்கம் அது. நிர்வாகம் மாறும், முதலாளி மாறுவார், பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்து மாறும். பினாங்கு என்ற பெயர் போகாது. அந்தப் பெயரில் எனக்குப் பங்கு இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. "நம்மாளு எத்தனை பேரு" என்று கேட்டுவிட்டு, பதில் பூஜ்யம் என்றால் திரும்பிக்கொள்கிறவன், தன் பங்கு அந்தப் பதினொரு பேரில் மட்டும்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறான். மிச்சம் எல்லாம் அவர்களுடையது, நாம் விருந்தாளி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான். என் அப்பா அந்தக் கையெழுத்தைப் போடவில்லை. சிவப்பு ஐ.சி. வைத்திருந்த மனுஷன் போடவில்லை. நீல ஐ.சி. வைத்திருக்கும் நாம் ஏன் போடுகிறோம்?

2016 பிப்ரவரி 16. நகர அரங்கத்தில் பகாங்கோடு ஆட்டம். முப்பது மீட்டருக்கும் மேலிருந்து ஃபாயிஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக், ஒரு பக்கம் போவதுபோலப் போய் நடுவானில் மனசு மாறி மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. அந்த ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஷ்காஷ் விருது அதற்குத்தான். 2017 ஜனவரியில் சூரிக் மேடையில் பிரேசிலின் ரொனால்டோ கையால் விருது வாங்கிக்கொண்டு, பேசவேண்டியதைக் கைப்பேசியில் தேடித் தேடி அந்த மனுஷன் திணறியதை உலகமே பார்த்தது. அந்த விருதை வென்ற முதல் ஆசியர் அவர். உலகமே பார்த்த அந்தக் கோலை நான் அரங்கத்தில் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு இரவு ஷிப்டு. நாற்பது வருடம் போனவன் அந்த ஒரு நாள் போகவில்லை. இதைவிடக் கொடுமை ஒரு ரசிகனுக்கு நடக்குமா? கழிப்பறையில் நின்று கைப்பேசியில் பார்த்தேன். பக்கத்தில் நேப்பாளத்துப் பையன் ஒருவன், மலாய்க்கார மேற்பார்வையாளர் ஒருவர். மூன்று பேரும் ஏழு முறை பார்த்தோம்.

ஃபாயிஸ் கெடாக்காரர். அவர் பினாங்குக்காரரா என்று அன்று யாரும் கேட்கவில்லை. எங்கள் சட்டையில் ஆடினார், எங்கள் திடலில் அடித்தார், எங்கள் ஆள். நம்மாளு என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நல்ல அர்த்தம் இதுதான்.

ஆனால் கதை இவ்வளவு இனிப்பாக முடியாது. 2025 செப்டம்பரில் ஃபிஃபா, மலேசியத் தேசிய அணிக்கு ஆடிய, வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களை 12 மாதங்களுக்குத் தடை செய்தது. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். காரணம், அவர்களுடைய தாத்தா பாட்டிகள் மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய ஆவணங்கள். மூலப் பத்திரங்களைத் தேடி எடுத்தபோது அந்தத் தாத்தா பாட்டிகள் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் ஸ்பெயினிலும் நெதர்லாந்திலும் பிறந்தவர்கள் என்று ஃபிஃபா சொன்னது. அது எழுத்துப்பணியில் நேர்ந்த பிழை என்று சங்கம் விளக்கம் சொன்னது, மேல்முறையீடு செய்தது, ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழு அதைத் தள்ளியது. இதெல்லாம் எல்லாரும் படித்த செய்தி. தீர்ப்பின் விவரங்கள் வந்தபோது நான் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். அந்தத் தாத்தா பாட்டிகளில் சிலர் பிறந்ததாகக் காட்டப்பட்ட ஊர் பினாங்கு.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் இருந்தான். எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் திடலில் ஆடுவான். இடது கால். பந்து அவன் காலில் ஒட்டிக்கொள்ளும். அவனுடைய பாட்டி இந்தத் தீவில் பிறந்தவர், தாத்தாவும் இங்கேதான். அப்பா அம்மா கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள், பதிவு செய்யவில்லை. பதிவாகாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை தாயின் வழியில்தான் வரும். தாயிடம் அது இல்லை. பையனிடமும் இல்லை. பதினைந்து வயதில் ஓர் இளையோர் அணித் தேர்வுக்கு அவனை நான்தான் என் மோட்டாரில் கூட்டிப்போனேன். அரை மணி நேரம் ஆடினான். பயிற்றுநர் ஒருவர் என்னிடம் வந்து, இவனை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். பிறகு பாரம் கொடுத்தார்கள். அதில் ஐ.சி. எண் எழுதும் கட்டம். அவன் என்னைப் பார்த்தான். நான் பயிற்றுநரைப் பார்த்தேன். அவரும் நல்ல மனுஷன்தான். அவர் தரையைப் பார்த்தார்.

அந்தப் பையனுக்கு இப்போது இருபதுக்கு மேல். கார் கழுவும் கடை ஒன்றில் நிற்கிறான். மோட்டார் லைசன்ஸ் எடுக்கக்கூட ஐ.சி. வேண்டும்.

இல்லாத பினாங்குப் பாட்டியைக் காகிதத்தில் பிறக்கவைக்க முடிகிற நாட்டில், இருக்கிற பினாங்குப் பாட்டிக்குக் காகிதம் கிடைப்பதில்லை. இதுதான் என் கோபம். "நம்மாளு எத்தனை பேரு" என்ற கேள்வியின் சரியான இடம் இதுதான் தம்பி. என்னிடம் கேட்காதே. பாரத்தில் அந்தக் கட்டத்தை வைத்தவனிடம் கேள். அந்தக் கேள்வியைக் கேட்க உனக்கு ஓர் அருகதை வேண்டும். வருடா வருடம் டிக்கெட் வாங்கி, மழையில் நனைந்து, 2017-இலும் 2022-இலும் கடைசி இடத்தைப் பார்த்து வீட்டுக்கு நடந்தவனுக்கு அந்த அருகதை உண்டு. மாமாக் கடையில் உட்கார்ந்து எண்ணுகிறவனுக்கு இல்லை.

என் அணிக்கு நான் வக்கீல் இல்லை. அதைத் திட்டவும் எனக்கு நிறைய இருக்கிறது. ஒரு சீசன் தப்பாகப் போனால் பயிற்றுநரை மாற்றுவார்கள், வெளிநாட்டு ஆட்களை மாற்றுவார்கள், ஜெர்சியின் கோடுகளை மாற்றுவார்கள். 2021-இல் மூன்றாமிடம் வந்த அணி ஒரே வருடத்தில் கடைசிக்குப் போனதற்குக் காரணம் துரதிருஷ்டம் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். அடியில் ஆள் இல்லாத மரம் அது. கிளையை மட்டும் வாங்கி ஒட்டவைத்தால் ஒரு வருடம் காய்க்கும். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகளில் ஒழுங்கான திடல் கிடையாது. அந்தப் பையன்கள் சிமென்டுத் தரையில் ஆடி வளர்கிறார்கள். அங்கே தேர்வாளர் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது வந்து நிற்க வேண்டும் என்று கேட்பது பிச்சை இல்லை. சீனப் பள்ளிக்கும் இதையே கேட்கிறேன். செபராங் பிறையில் 40,000 பேர் உட்காரும் பத்து காவான் அரங்கம் 2000-இல் திறந்தது. தோட்டங்கள் இருந்த வட்டாரம் அது. பால் மரத்தடியில் வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் குடியிருக்கிறார்கள். அந்த அரங்கத்துக்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போவது மட்டும்தான் அவர்களுக்கா?

நம் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். நம் இயக்கங்கள் வருடம் முழுக்க எழுவர் காற்பந்துப் போட்டி நடத்துகின்றன. தலைவர் கிண்ணம், எம்.பி. கிண்ணம், தீபாவளிக் கிண்ணம். நம் பையன்கள், நம் நடுவர், நம் பிரமுகர், நம் மாலை, நம் பொன்னாடை. ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடியும். அதில் ஜெயித்த பையனை அடுத்த நாள் காலையில் மாநிலத் தேர்வுக்குக் கூட்டிப்போக ஒரு வேன் பிடித்த தலைவரை நான் பார்த்ததில்லை. பிள்ளைகளின் பிறப்பைப் பதிவு செய்யச் சொல்லி அந்தத் திடலில் ஒரு மேசை போட்டவரையும் பார்த்ததில்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, விவரம் தெரிந்த ஒருவர். பொன்னாடைச் செலவைவிடக் குறைவு.

இலக்கியம் படிக்கிற தம்பிகளுக்குக் கடைசியாக ஒன்று. அன்று நாம் பேசிய நாவலில் ரப்பர் தோட்டம் இருந்தது, லயம் இருந்தது, கள்ளுக்கடை இருந்தது. எல்லாம் உண்மை, எல்லாம் வேண்டும். ஆனால் நம் கதைகளில் வரும் தமிழன் எப்போதும் ஏதோ ஓர் இடத்திலிருந்து துரத்தப்படுகிறான். அவன் ஓர் இடத்தில் உரிமையோடு நின்று சத்தம்போடும் காட்சியை நான் அதிகம் படித்ததில்லை. என் அப்பா நின்றார். ஆயிரக்கணக்கான பேருக்கு நடுவில், இடுப்பில் ஒரு மகனை வைத்துக்கொண்டு, மூன்று மொழியில் நின்றார். அதை யாராவது எழுதுங்கள். எனக்குக் கட்டுரைதான் வருகிறது.

அப்பாவுக்கு 1980-களின் கடைசியில் நீல ஐ.சி. கிடைத்தது. அன்று அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்த வாரம் அரங்கத்துக்குப் போனோம். வாசலில் டிக்கெட் கேட்டவரிடம் அவர் டிக்கெட்டோடு ஐ.சி.யையும் எடுத்து நீட்டினார். அந்த ஆள் குழம்பிப்போய், "இது எதுக்கு அங்கிள்? உள்ள போங்க" என்று மலாயில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்று ஆட்டம் முடியும்வரை அப்பா அடிக்கடி பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டத்தில் தோற்றோம்.

அடுத்த ஆட்டம் நகர அரங்கத்தில் நடக்கும்போது நான் ஷிப்டை மாற்றிக்கொண்டு போகிறேன். மோட்டாரில் பின்னால் ஓர் இடம் இருக்கிறது. கேள்வி கேட்ட தம்பி வரலாம். சட்டை சிவப்பாக இருந்தாலும் பரவாயில்லை, வாசலில் யாரும் கேட்கமாட்டார்கள்.